படகுக் காரும் பந்தயப் பைத்தியமும்

பட்டத்து யானையைப் பிடித்து வந்து, அம்பாரியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதைக் குதிரைப் பந்தய மைதானத்தில் ஓட விடுகிறவனை நாம் என்னவென்று சொல்வோம்? நம் ஊராயிருந்தால் அவனுடைய உறவினர்கள் அவனைக் குணசீலத்துக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்வார்கள். அமெரிக்காவிலோ அவனுக்குக் கைதட்டுகிறார்கள்; பத்திரிகையில் படம் போடுகிறார்கள்; ஏலம் கூறி அவன் யானையை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் சொல்லும் யானை, இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததிலிருந்து 1970-களின் கடைசி வரையில் டிட்ராயிட் நகரத்தார் செய்து குவித்த பெரிய சொகுசுக் கார். காடிலாக், லிங்கன், இம்பீரியல், பாக்கார்டு என்று அதில் பல ஜாதி. இந்த ரகத்துக் கார்களுக்கு நம் ஊரில் 'படகுக் கார்' என்று முதன் முதலில் பெயர் வைத்தவர் யாரோ, நல்ல ரஸிகராக இருந்திருக்க வேண்டும். அமெரிக்கர்களும் அவற்றைத் தரையில் ஓடும் உல்லாசப் படகு என்றுதான், பாதி கேலியாகவும் பாதி செல்லமாகவும், சொல்லி வந்திருக்கிறார்கள். கடல் கடந்த இரண்டு தேசத்தாருடைய கண்ணுக்கும் ஒரே உவமை பட்டதென்றால் அதில் ஏதோ உண்மை இருக்கத்தானே வேண்டும்?

இந்தப் படகுகளுக்கு இப்போது பிடித்திருக்கிறது ஏழரை நாட்டுச் சனி. கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கிற ஒரு 1964-ம் வருஷத்து லிங்கனையோ, 1959-ம் வருஷத்துக் காடிலாக்கையோ தேடிப் பிடிக்கிறார்கள். அதன் பூர்விக எஞ்சினைத் தூக்கி எறிகிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸ்காரர்கள் 1997-ல் கொண்டு வந்த 'எல். எஸ்.' என்ற வம்சத்து 8 சிலிண்டர் எஞ்சின் ஒன்றை அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். அது போதாதென்று காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் ஒன்றை அதன் தலைமேல் ஏற்றுகிறார்கள். சைலன்ஸரைப் பிடுங்கிவிட்டு, தெருக்கோடியில் இருக்கிறவன் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருக்கும்படியான ஒரு குழாயை மாட்டுகிறார்கள். புதுப்பித்தல், மாற்றியமைத்தல் என்ற இரண்டு ஆங்கில வார்த்தைகளை நறுக்கி ஒட்டி இந்தக் கைங்கரியத்துக்கு 'ரெஸ்டோமாட்' என்று நாமகரணமும் செய்திருக்கிறார்கள். பிறகு மார்பைத் தட்டிக்கொண்டு, "600 குதிரைச் சக்தி!" என்கிறார்கள்.

பழைய காரில் கை வைக்கவே கூடாது என்று சொல்லுகிறவன் அல்ல நான். அப்படிச் சொல்லுகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அவர்களிடம் பின்னால் வருகிறேன். என்னுடைய குற்றச்சாட்டு வேறு. இந்தக் குதிரைச் சக்திக்காரர்கள், தாங்கள் கை வைக்கும் காரின் திறமை எதில் இருந்தது என்று தெரிந்துகொள்ளாமலேயே அதன் திறமையை அதிகப்படுத்தப் புறப்பட்டுவிட்டார்கள்.

1961-ம் வருஷத்து லிங்கன் காண்டினெண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். எல்வுட் எங்கல் என்பவர் தலைமையில் உருவான அழகு அது. பின் கதவுகள் பின்பக்கத்துக் கீலில் திறக்கும். முன் கதவும் பின் கதவும் நம் வீட்டு இரட்டைக் கதவு மாதிரி நடுவில் சந்திக்கும். எடை ஐயாயிரம் ராத்தலுக்குச் சற்றுத்தான் குறைவு. 430 கன அங்குல எஞ்சின். 300 குதிரைச் சக்தி என்று கம்பெனியார் கணக்கு. ஆனால் அவர்கள் பீற்றிக்கொண்டது அந்த 300-ஐ அல்ல. ஒவ்வொரு எஞ்சினையும் நிமிஷத்துக்கு 3,500 சுற்று வீதம் 3 மணி நேரம் ஓட விட்டு, பிறகு பிரித்துப் பரிசோதித்துப் பூட்டினார்கள். ஒவ்வொரு காரையும் 12 மைல் ஓட்டிப் பார்த்த பிறகே வெளியே அனுப்பினார்கள். 2 வருஷம் அல்லது 24,000 மைல் வரைக்கும் உத்தரவாதம் கொடுத்தார்கள்; மற்றவர்கள் அந்தக் காலத்தில் அவ்வளவு துணியவில்லை. இதைப் பற்றித்தான் விளம்பரம் செய்தார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்கு எஞ்சின் இருக்கிறதா என்ற சந்தேகமே வர வேண்டும். ஆனால் மலையானாலும் மேடானாலும் கேட்ட மாத்திரத்தில் அது கொடுக்க வேண்டும். கேட்காதபோது பேசாமல் இருக்க வேண்டும். பெரிய காரின் திறமை இந்தக் கையிருப்புத்தான். பாங்கியில் நிறையப் பணம் வைத்திருக்கும் மனுஷன் கடைத்தெருவில் சில்லறையைக் குலுக்கிக் காட்டுவதில்லை அல்லவா? அந்தக் கௌரவம்.

"பெரிய கார்கள் பந்தயத்தில் ஜெயிக்கவில்லையா?" என்று எதிர்க்கட்சியார் கேட்பார்கள். ஜெயித்திருக்கின்றன. அந்த வரலாற்றையே நானும் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். 1949-ம் வருஷத்துக் காடிலாக்கில் வந்த புது எஞ்சின் மோட்டார் உலகத்தில் ஒரு திருப்பம். 331 கன அங்குலம். 160 குதிரைச் சக்தி. முன்பிருந்த எஞ்சினைவிட அளவிலும் எடையிலும் சிறியது, வேலையிலோ பெரியது. அடுத்த வருஷமே பிரிக்ஸ் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கச் சீமான் இரண்டு காடிலாக் கார்களைக் கப்பலேற்றி, பிரான்ஸில் லெ மான் என்னும் ஊரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்துக்குக் கொண்டு போனார். ஒன்று, கடையில் வாங்கின கோலத்தில் அதிக மாற்றமில்லாத இரண்டு கதவுக் கார். மற்றது, விமானக் கம்பெனி இஞ்சினீயர் ஒருவரைக் கொண்டு தகட்டில் வழவழவென்று புது உடம்பு செய்து, 5 கார்புரேட்டர் பூட்டிய விசித்திரம். பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பார்த்த உடனே 'அரக்கன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டும் பந்தயத்தை முடித்தன. பத்தாவதாக வந்தது சாதாரணக் கார். பதினோராவதாக, அதன் பின்னால், வந்தது அரக்கன். நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்: அரக்கன் ஆரம்பத்திலேயே மணலில் போய்ச் சிக்கிக்கொண்டதால் ரொம்ப நேரம் வீணாயிற்று. இருந்தாலும் எனக்கு இந்தச் சம்பவம் மிகவும் பிடித்திருக்கிறது. அது சிக்கிய மணலுக்கு என் நமஸ்காரம்.

அதற்கப்புறம் மெக்ஸிகோ. அந்தத் தேசத்தின் நீளத்தையே அளந்துகொண்டு, ஏறக்குறைய 2,000 மைல், மலையும் பாலைவனமுமாக ஒரு பந்தயம் 1950-லிருந்து 1954 வரையில் நடந்தது. அதில் சாதாரணக் கார்களுக்கென்று இருந்த பெரிய பிரிவில் 1952-லும் 1953-லும் முதல் நாலு இடத்தையும் லிங்கன்கள் வாரிக்கொண்டு போயின. இரண்டு தடவையும் முதலில் வந்தவர் சக் ஸ்டீவன்ஸன். சாதாரண நான்கு சக்கர நாற்காலி என்று நினைத்த கார், எப்படி ஜெயித்தது? எஞ்சின் நன்றாக இருந்தது என்பது பாதிக் காரணம். முன் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பில் அந்த லிங்கன் மற்ற பெரிய கார்களை முந்திக்கொண்டிருந்தது மீதிப் பாதி. வளைவில் திரும்பவும், இறக்கத்தில் அடங்கவும் அதற்குத் தெரிந்திருந்தது. அந்தக் கார்களைத் தயார் செய்த க்ளே ஸ்மித், பில் ஸ்ட்ராப் போன்ற மெக்கானிக்குகள் குதிரைச் சக்தியை எண்ணிக்கொண்டு காலம் கழிக்கவில்லை. கார் 2,000 மைல் தாங்குமா என்று கவலைப்பட்டார்கள். இன்றைய குதிரைக்காரர்கள் அந்த வெற்றியை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கவலையை எடுத்துக்கொள்ளவில்லை.

குதிரைக் கணக்கு என்று வந்த பிறகு, அந்தக் கணக்கின் யோக்கியதையையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1970-ம் வருஷத்துக் காடிலாக் எல்டோராடோவில் 500 கன அங்குல எஞ்சின் வந்தது. 400 குதிரைச் சக்தி என்று அச்சிட்டார்கள். 1976-ம் வருஷத்திலும் அதே 500 கன அங்குலந்தான். ஆனால் 190 குதிரைதான் என்று அச்சிட்டார்கள். ஆறு வருஷத்தில் 210 குதிரை லாயத்திலிருந்து களவு போய்விட்டதா? ஒரு பங்கு வாஸ்தவமாகவே போயிற்று. 1970-ம் வருஷத்துச் சுத்தக் காற்றுச் சட்டத்துக்கு அப்புறம் புகையை அடக்க வேண்டியிருந்தது. ஈயம் கலக்காத பெட்ரோலுக்குத் தோதாக, சிலிண்டருக்குள் அழுத்தம் குறைக்கப்பட்டது. ஆனால் இன்னொரு பெரும் பங்கு, பிறந்தே இராத குதிரைகள்! முன்பெல்லாம் எஞ்சினைக் காரிலிருந்து பிரித்து மேடைமேல் வைத்து, அது சுமக்க வேண்டிய சாமான்களையெல்லாம் கழற்றிவிட்டு, சைலன்ஸரும் இல்லாமல் ஓட்டி அளந்தார்கள். 1972-லிருந்து காரில் இருக்கிறபடியே எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். இரண்டு விதமாகவும் அளந்து பார்த்த 1971-ம் வருஷத்தில் எல்டோராடோவின் ஒரே எஞ்சினுக்கு, பழைய கணக்கில் 365, புதுக் கணக்கில் 235! கல்யாணத் தரகர் சொல்லும் மாப்பிள்ளைச் சம்பளத்துக்கும், மாசம் பிறந்தால் கைக்கு வருகிற சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம். இந்தக் கணக்கை நம்பித்தான் பழைய எஞ்சினைப் புகழுகிறவர்களும், அதே கணக்கை நம்பித்தான் அதை இகழ்ந்து கழற்றி எறிகிறவர்களும் இருக்கிறார்கள்.

படகுக் காருக்கு வேண்டியிருந்தது குதிரைச் சக்தியைக் காட்டிலும் இழுவிசை. 1970-ம் வருஷத்து எல்டோராடோ எஞ்சினுக்கு, அந்தக் காலத்துத் தாராளக் கணக்கிலேயே ஆகட்டும், 550 ராத்தல்-அடி இழுவிசை. அதுவும் எஞ்சின் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கிடைக்கும். நிலையில் நிற்கிற தேரைப் புறப்படச் செய்கிற பலம் அது. ஒரு தடவை அசைந்து கொடுத்துவிட்டால் பிறகு தேர் பதறாமல் வரும். பந்தய எஞ்சினுடைய பலமோ மேலே, வெறி பிடித்துச் சுற்றும்போது கிடைக்கிற பலம். அதைத் தேரில் கொண்டுபோய்ப் பூட்டினால் தேருக்கும் சுகமில்லை, தெருவுக்கும் சுகமில்லை.

தேரைச் சொன்னதும் முட்டுக்கட்டை ஞாபகத்துக்கு வருகிறது. ஆயிரம் பேர் வடம் பிடிக்கட்டும். தேர் நிற்பதும் திரும்புவதும் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்துகொண்டே வருகிற நாலு முட்டுக்கட்டைக்காரர்களின் கையில் இருக்கிறது. வடம் பிடிக்கக் கூட்டம் சேர்க்கிறவன், முட்டுக்கட்டைக்கு ஆள் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டாமா? இதை நான் உபமானத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

மிச்சிகன் மாகாணத்தில் இருக்கும் என் மைத்துனர் மகன் ஓர் ஆகஸ்டு மாதம் என்னை உட்வர்ட் அவென்யுவுக்கு அழைத்துக்கொண்டு போனான். டிட்ராயிட்டிலிருந்து வடமேற்காகப் போகும் அந்தச் சாலையில் 1995-லிருந்து வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை பழைய கார்களின் பவனி நடக்கிறது. நம் தெப்பத்துக்கு வருகிற மாதிரி ஜனங்கள் மடக்கு நாற்காலியும் கையுமாக வந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவனுக்குத் தெரிந்த ஒரு கனவானுடைய 1966-ம் வருஷத்துக் காடிலாக்கில் எங்களுக்கு இடம் கிடைத்தது. கரு நீலம், கண்ணாடி மாதிரி பளபளப்பு. உள்ளே பழைய 429 கன அங்குல எஞ்சின் இல்லை. சூப்பர்சார்ஜர் வைத்த புது எஞ்சின் இருந்தது. கனவான் மிகவும் பண்பானவர். நான் எழுத்தாளன் என்று தெரிந்ததும் கதவைத் தாமே திறந்துவிட்டார். ஆனால் சாலையில் கொஞ்சம் இடைவெளி கண்டுவிட்டால் அவருடைய வலது காலுக்கு ஏதோ ஆவேசம் வந்துவிடும். முதுகு ஆசனத்தில் புதைந்துபோகும். உடனே அடுத்த சிவப்பு விளக்கு வந்து, மூக்கு முன்னால் போகும். மூன்று தடவை இப்படி. நாலாவது சிவப்பு விளக்கில் அவர் மிதித்தார், கார் யோசித்தது. வெள்ளைக் கோட்டைத் தாண்டி, ஆட்கள் கடக்கும் பட்டையையும் தாண்டி, பாதித் தெருவில் போய் நின்றது. ஒரு கையில் மடக்கு நாற்காலியும் மறு கையில் பேரப் பையனுமாக இறங்கியிருந்த கிழவர் ஒருவர் பையனைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்தப் பையனுடைய கையிலிருந்த ஐஸ்கிரீம் கீழே விழுந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

பிரேக் பழையதுதானா என்று கேட்டேன். "ஆமாம். அதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். இந்த வருஷப் பணம் எஞ்சினுக்கே சரியாய்ப் போய்விட்டது" என்றார் கனவான். வீட்டுக்குத் திரும்பும்போது என் மைத்துனர் மகன், "மாமா, நீங்கள் கதை எழுதுகிறவர். உங்களுக்கு இந்த ருசி தெரியாது" என்றான். எனக்கு அந்த ஐஸ்கிரீமின் ருசிதான் தெரிந்தது.

அந்தப் பிரேக்கின் கதை இது. அந்தக் காலத்துப் பெரிய கார்களில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். மூடிய உருளைக்குள் கட்டைகள் விரிந்து உராய்ந்து வண்டியை நிறுத்தும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்கு அடக்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. அவ்வளவும் உஷ்ணமாகத்தான் வெளியேற வேண்டும். மூடிய உருளையிலிருந்து உஷ்ணம் சுலபத்தில் போகாது. உருளை சூட்டில் விரிந்து கட்டையை விட்டு விலகும். கட்டையும் பிடிப்பை இழக்கும். ஒரு தடவை மிதித்தால் நன்றாக நிற்கும். உடனுக்குடன் நாலு தடவை மிதித்தால் நிற்காது. டிட்ராயிட்டுக்கே இது தெரியும். ஆகையால்தான் லிங்கன்காரர்கள் 1965-ல் முன் சக்கரங்களுக்குக் காற்றுப் படும் டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். பிரேக் எண்ணெய் ஒரே குழாயில் ஓடி, அது ஒழுகினால் நாலு சக்கரமும் கைவிட்டுவிடும் என்றிருந்த ஆபத்தைக் காடிலாக் 1962-ல் இரண்டு வழியாகப் பிரித்துப் போக்கியது. 1968-ல்தான் சட்டம் எல்லாரையும் அப்படிச் செய்யச் சொல்லிற்று. அடிச்சட்டமும் அப்படித்தான். 1957-லிருந்து 1964 வரைக்கும் காடிலாக்கின் அடிச்சட்டம் பெருக்கல் குறி மாதிரி இருந்தது. பக்கவாட்டில் கம்பி கிடையாது. 325 குதிரைக்கும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குமாகக் கணக்குப் பண்ணிய எலும்புக்கூடு அது. அதன்மேல் 600 குதிரையை ஏற்றுகிறவன் முதலில் எலும்பைப் பார்க்க வேண்டாமா?

இனி எதிர்ப் பாசறைக்கு வருகிறேன். "தொழிற்சாலையை விட்டு வந்த கோலத்தில் ஓர் ஆணியைக்கூட மாற்றக் கூடாது" என்று சொல்லும் வைதிகர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். கண்காட்சியில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, திருகாணியின் தலையில் பழைய முத்திரை இருக்கிறதா என்று பார்த்து மார்க்குக் குறைக்கிறவர்கள். தொழிற்சாலை என்ன, வேதமா? 1957-ல் காடிலாக் எல்டோராடோ ப்ரோம் என்று ஒரு கார் செய்தார்கள். விலை 13,074 டாலர். எஃகுக் கூரை, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரப்பிய பைகளின் மேல் மிதக்கும் உடம்பு. இரண்டு வருஷத்தில் 704 கார்தான் செய்தார்கள். அந்தக் காற்றுப் பை ஒழுகி, காலையில் எழுந்து பார்த்தால் 13,000 டாலர் கார் மண்டியிட்டுக்கொண்டு கிடக்கும். சொந்தக்காரர்கள் பலர் பையைத் தூரப் போட்டுவிட்டு, சாதாரணச் சுருள் ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டு சௌக்கியமாகப் போனார்கள். 1981-ல், ஓடும்போதே 8 சிலிண்டரை 6 ஆகவும் 4 ஆகவும் குறைத்துக்கொள்ளும் எஞ்சினைக் காடிலாக் கொண்டு வந்தது. பெட்ரோல் மிச்சமாகும் என்றார்கள், மிச்சமானது தலைவலி. அதற்கு ஜனங்கள் கண்டுபிடித்த மராமத்து, அந்தச் சாதனத்துக்குப் போகும் கம்பியைத் துண்டித்துவிடுவது! அமெரிக்கச் சொகுசுக் காரின் சரித்திரத்திலேயே மிகவும் புத்திசாலித்தனமான மாறுதல் அதுதான் என்று நான் சொல்வேன். கூலியும் குறைவு.

தொழிற்சாலையார் சரியாகச் செய்ததும் உண்டு. 1994 முதல் 1996 வரையில் வந்த செவர்லே இம்பாலா எஸ். எஸ். காரில் 260 குதிரைச் சக்தி. அதோடுகூடப் போலீஸ் காருக்கென்று பலப்படுத்தின அடித்தளம், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். வடமும் முட்டுக்கட்டையும் ஒன்றாக வந்தன. பெரிய காரை வேகமாக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்களுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. அது செய்யப்பட்ட டெக்ஸாஸ் தொழிற்சாலையை 1996-க்குப் பின்னால் லாரி ஜாதி வண்டிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி இப்போது அழுது என்ன?

எஞ்சினையே எடுத்துவிட்டால்? நீல் யங் என்ற பாட்டுக்காரர், 1959-ம் வருஷத்து லிங்கன் காண்டினெண்டல் ஒன்றை மின்சாரத்தில் ஓடும்படி மாற்றினார். பத்தொன்பது அடிக்கு மேல் நீளம். இரண்டரை டன் எடை. 2010-ம் வருஷம் நவம்பரில், கிடங்கில் மின்சாரம் ஏற்றிக்கொண்டிருந்தபோது அது தீப்பிடித்துக்கொண்டது. மனுஷர் மனம் தளராமல் மறுபடியும் கட்டினார். இதைக் கேட்டு வைதிகர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், குதிரைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கோ, தீயை நீக்கிவிட்டுப் பார்த்தால், அவர் செய்தது இவர்கள் செய்வதைவிட அந்தக் காருக்கு நெருங்கினதாகத் தோன்றுகிறது. சத்தமில்லாமல் புறப்பட வேண்டும், முதல் அசைவிலேயே முழு இழுவிசை வேண்டும் என்றுதானே டிட்ராயிட் இஞ்சினீயர்கள் முப்பது வருஷம் தவம் கிடந்தார்கள்? மின்சாரம் அந்த வரத்தைச் சும்மா கொடுக்கிறது. அவர்கள் எஞ்சினுக்குள் மூட்டை கட்டி அடைத்த சத்தத்தை அவிழ்த்து விடுகிறவனா அவர்களுக்கு வாரிசு?

கியூபாவில் 1959-ம் வருஷப் புரட்சிக்கு முன்னால் இறங்கின அமெரிக்கக் கார்கள், உதிரி பாகம் வராமல் போனபின், ருஷ்ய எஞ்சினும் டீசல் எஞ்சினும் பூட்டிக்கொண்டு இன்னும் வாடகைக்கு ஓடுகின்றன. நம் ஊரிலும் பெட்ரோல் விலை தாளாமல் பழைய அமெரிக்கக் கார்களுக்கு டீசல் எஞ்சின் வைத்தவர்கள் உண்டு. வயிற்றுக்காகச் செய்த மாறுதலை நான் விமரிசிக்க மாட்டேன்.

ஆசைக்காகச் செய்தவர்களில் என் ஓட்டு ஒரே ஒரு கூட்டத்தாருக்கு. லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பகுதியில் வசித்த மெக்ஸிகோ வம்சத்து இளைஞர்கள் அவர்கள். யுத்தத்துக்குப் பிறகு கையில் கொஞ்சம் காசு புரண்டபோது பழைய கார் வாங்கினார்கள். வெள்ளைக்காரப் பையன்கள் தங்கள் கார்களை இலேசாக்கி வேகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். இவர்கள் தங்கள் கார்களைத் தாழ்த்தி மெதுவாக்கினார்கள். தாழ்வாக, மெதுவாக: அதுதான் அவர்களுடைய கொள்கை. பின்பெட்டியில் மணல் மூட்டை போட்டும் ஸ்பிரிங்கை அறுத்தும் இறக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் விட்டியர் பூல்வார்டு சாலையில், குடும்பத்தோடு, மணிக்கு 15 மைல் வேகத்தில், கல்யாண ஊர்வலம் மாதிரி போனார்கள். செவர்லே இம்பாலா அவர்களுக்கு ஏழைகளின் காடிலாக். வசதி வந்தபோது அசல் காடிலாக்கும் லிங்கனும் வாங்கினார்கள். படகுக் கார் எதற்காகப் பிறந்தது என்பதை, அதைச் செய்தவர்களுக்கு அடுத்தபடியாக, இவர்கள்தான் கண்டுகொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம். அவசரமில்லாமல், சாய்ந்துகொண்டு, நாலு பேர் பார்க்கப் போவதற்காகப் பிறந்தது அது.

கலிபோர்னியா அரசாங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. காரின் எந்தப் பாகமும் சக்கரத்தின் விளிம்புக்குக் கீழே தாழக் கூடாது என்று 1958-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்கு அடுத்த வருஷமே ரான் அகிர்ரே என்ற இளைஞர் தம் காரில் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பம்புகளை வைத்தார். ஒரு விசையைத் தட்டினால் கார் படுக்கும். போலீஸ்காரர் தலை தெரிந்தால் இன்னொரு தட்டு, எழுந்து நின்றுவிடும்! பழைய விமானச் சாமான் கடையிலிருந்து பம்பும் வால்வும் வாங்கி, பின்பெட்டி நிறைய பாட்டரி அடுக்கி, சந்து பொந்துகளில் அவர்கள் செய்த இஞ்சினீயர் வேலை சாமானியமல்ல. (பிற்காலத்தில் அதே பம்பை வைத்துக் காரைத் தவளை மாதிரி குதிக்க விட்டுப் போட்டி நடத்த ஆரம்பித்தார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. யானை ஒற்றைக் காலில் முக்காலிமேல் நிற்பது சர்க்கஸ்.)

ஊர் ஊராக, இப்படிப் பவனி போவதற்கே தடை வந்தது. நேஷனல் சிட்டி என்ற ஊரில் 1992-ல் போட்ட தடையை 2023-ல்தான் எடுத்தார்கள். இதற்கு நடுவில் 2017-ல் ஒரு வேடிக்கை. ஜெஸ்ஸி வலாடெஸ் என்பவர் உடம்பெல்லாம் ரோஜாப்பூ எழுதி வைத்திருந்த 'ஜிப்ஸி ரோஸ்' என்ற 1964-ம் வருஷத்து இம்பாலாவை, தேசத்தின் சரித்திர வாகனம் என்று பதிவு செய்து, வாஷிங்டன் நகரத்தின் மையமான மைதானத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துக் காட்டினார்கள். தலைநகரத்தில் பொக்கிஷம், அதே மாதிரிக் கார் கலிபோர்னியாத் தெருவில் தாழ்ந்து போனால் குற்றம்! 1958-ம் வருஷத்துச் சட்டத்தை நீக்கிக் கலிபோர்னியாவில் கையெழுத்தானது 2023-ல். அது அமலுக்கு வந்தது 2024 ஜனவரி 1-ந் தேதி. மணிக்கு 15 மைல் போகிறவன் 65 வருஷம் குற்றவாளியாக இருந்திருக்கிறான்.

அந்த 65 வருஷமும், அதே கலிபோர்னியாவில், அதே இம்பாலாவிலோ காடிலாக்கிலோ 600 குதிரையைப் பூட்டிக்கொண்டு பழைய டிரம் பிரேக்கோடு போகிறவனைத் தடுக்கத் தனியாக ஒரு குதிரை வரம்புச் சட்டம் கிடையாது. 1975-ம் வருஷத்து மாடலுக்கும் அதற்கு முந்தினவற்றுக்கும் அங்கே புகைப் பரிசோதனையிலிருந்தும் இப்போது விலக்கு. சொந்த உபயோகத்துக்கான சாதாரணக் கார்களுக்கு வருஷாந்தரப் பிரேக் பரிசோதனை அங்கேயும் இல்லை, நான் போன மிச்சிகனிலும் இல்லை. தாழ்ந்து போனவன் யார், பறந்து போகிறவன் யார் என்று பார்த்தால் சட்டத்தின் கண் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது தெரியாமல் போகாது. யாருக்கு ஆபத்து என்று கேட்டு எழுதின சட்டமாக அது எனக்குப் படவில்லை; யாரைப் பார்த்தால் கண் கூசுகிறது என்று கேட்டு எழுதின மாதிரி இருக்கிறது.

சர்க்கார் செய்கிறபோது செய்யட்டும். ஏலக் கம்பெனிக்காரர்கள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மேடையில் காருக்கு முன்னால் ஒரு அட்டை வைத்து, '600 குதிரைச் சக்தி' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள் அல்லவா? அதற்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில், மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும்போது மிதித்தால் அந்தக் கார் எத்தனை அடியில் நிற்கும் என்ற எண்ணையும் போடட்டும். முதல் தடவை மிதித்தபோது வந்த எண் வேண்டாம். அடுத்தடுத்து நாலு தடவை மிதித்து, நாலாவது தடவை வந்த எண்ணைப் போடட்டும்.